தலையிலே தேங்கிய நீரும் வயிற்றிலே வடித்த குழாயும்

குளங்கட்டி வாழ்ந்த மக்கள் நீர் வருவதற்கு வழி செய்தது போலவே நீர் போவதற்கும் வழி செய்து வைத்தனர். மதகு அடைபட்டால் குளம் பெருகும். பெருகிய குளம் கரையை உடைக்கும். கலிங்கு வெட்டி அந்நீரைத் திருப்பிவிடலாம். ஆயினும், திருப்பிய நீர் எங்கே போய்ச் சேரும், சேர்ந்த இடத்தில் யாது செய்யும் என்ற கேள்வி அதனோடு முடிந்துவிடுவதில்லை. மூளையிலே தேங்கும் நீரை வடித்துக் குழந்தைகளைக் காப்பாற்ற முயன்ற சத்திரவைத்தியர்களின் வரலாறும் இத்தகையதே. நீரை வெளியேற்றும் வழியை அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டனர். வெளியேற்றிய நீரை எங்கே விடுவது என்பதைத் தெளிவதற்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இறுதியில் அந்நீருக்கு இடங்கொடுத்தது வயிறு. இடங்கொடுத்த வயிறு அதற்கு ஒரு விலையும் கேட்டது.

மூளையின் உள்ளே ஒன்றோடொன்று தொடர்புடைய நான்கு அறைகள் உள்ளன. அவ்வறைகளில் அமைந்த நுண்ணிய குருதிக்கலன்களின் பின்னலிலிருந்து தெளிந்த நீர் இடையறாது ஊறுகின்றது. அறையிலிருந்து அறைக்குச் சென்று, பின் மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் சூழ்ந்து ஓடி, முடிவில் அது குருதியோடு கலந்துவிடுகின்றது. வளர்ந்தவர் ஒருவரிடம் ஒரு வேளையில் இருக்கும் இந்நீர் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர். ஒரு நாளில் ஊறுவதோ ஏறக்குறைய 500 மில்லிலீற்றர். அஃதாவது, நாள் ஒன்றுக்கு மூன்று முறைக்கு மேல் பழைய நீர் கழிந்து புதுநீர் நிறைகின்றது. போகும் வழி அடைபட்டாலும் ஊற்று நிற்பதில்லை. அறைகள் விரிகின்றன, மூளை நசுங்குகின்றது. பிறப்பிலேயே வழி குறுகியிருத்தல், முள்ளந்தண்டுப் பிளவு, மூளையுறை அழற்சி, குறைமாதக் குழந்தைகளின் மூளையிற் குருதி கசிதல், கட்டி முதலியன இதற்குக் காரணங்களாகும். மண்டையோட்டின் எலும்புகள் பொருந்தாத கைக்குழந்தையின் தலை இதனாற் பருத்துக்கொண்டே போகும். உச்சி விம்மும்; கருவிழிகள் அடிவானத்தில் மறையும் சூரியனைப் போலக் கீழ்நோக்கிச் சரியும்.

இந்நோய் பழைமையானது. கிரேக்க மருத்துவர் இதனை அறிந்திருந்தனர். நீரையும் தலையையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே இன்றும் மேனாட்டு மருத்துவத்தில் இதன் பெயராக வழங்குகின்றது. ஆயினும், நீர் மூளைக்கு வெளியே தேங்குவதாகவே பலரும் நெடுங்காலம் எண்ணினர். பதினாறாம் நூற்றாண்டில் உடலமைப்பியலின் தந்தையெனப் போற்றப்படும் வெசேலியஸ், அவுக்ஸ்பேர்க் நகரில் இந்நோயால் இறந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் தலையை அறுத்து ஆராய்ந்தார். நீர் மூளையின் அறைகளுக்குள்ளேயே நிறைந்திருந்ததை அவர் கண்டார். நோய் இருக்கும் இடம் தெரிந்தது. ஆனால், அந்நீர் எங்கிருந்து வருகின்றது, எவ்வழியாற் போகின்றது என்பவை தெரியவில்லை.

அவ்விடையை ஐயமறக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வால்ற்றர் டாண்டியும் கெனத் பிளாக்வனும் ஆவர். 1913, 1914 ஆம் ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இத்துறையின் அடித்தளமாக அமைந்தன. மூன்றாம் அறையையும் நான்காம் அறையையும் இணைக்கும் ஒடுங்கிய வாய்க்காலை நாய்களில் அவர்கள் அடைத்தனர்; மேலுள்ள அறைகள் விரிந்தன. நோயாளரின் மூளையறைக்குள் சாயம் ஏற்றி, அது முதுகுவழி எடுத்த நீரில் தோன்றுகின்றதா எனவும் பார்த்தனர். சாயம் தோன்றினால் வழி திறந்திருக்கின்றது, உறிஞ்சப்படுவதிலேயே குறை. தோன்றாவிடின் வழி அடைபட்டிருக்கின்றது. இவ்வாறு நோய் இரு வகையெனத் தெளிவாயிற்று.

அறிவு தெளியுமுன்பே கத்தி முந்திக்கொண்டது. 1881 இல் ஜேர்மனியில் வேர்ணிக்கே மூளையறையைத் துளைத்து நீரை வெளியே வடித்தார். 1891 இல் குவின்கே இடுப்புப் பகுதியில் முதுகின் வழியாக ஊசி செலுத்தி நீரெடுக்கும் முறையை வெளியிட்டார். இவற்றால் நீர் குறைந்தது உண்மையே. ஆயினும், இறைத்த கிணறு ஊறுவது போல நீர் மீண்டும் ஊறிற்று. மீண்டும் மீண்டும் துளைத்த வழியே நோய்க்கிருமிகள் புகுந்தன. ஆகவே, நீரை உடலுக்கு வெளியே விடாது, உடலின் வேறோர் இடத்துக்குக் கொண்டுசெல்லும் நிலையான வழி ஒன்று வேண்டும் என்ற கருத்துப் பிறந்தது. அவ்வாறு நீரைக் கொண்டு செல்லும் குழாயையே பிற்காலத்தார் வடிகுழாய் என்றனர்.

நீரை ஏற்பதற்கு உகந்த இடமென வயிற்றறையைத் தேர்ந்த முன்னோடிகளுள் ஜேர்மனியச் சத்திரவைத்தியர் வால்ற்றர் கௌஷ் குறிப்பிடத்தக்கவர். குடல்களைப் போர்த்தியும் வயிற்றின் உட்சுவரை மூடியும் கிடக்கும் மெல்லிய சவ்வு, தன்மேல் விழும் நீரை விரைந்து உறிஞ்சும் ஆற்றல் வாய்ந்தது. இதனை அறிந்த கௌஷ், மூளையறையிலிருந்து தோலின் கீழாக ஒரு றப்பர்க் குழாயை இறக்கி வயிற்றறையில் விட்டார். 1908 இல் வெளிவந்த அவருடைய அறிக்கையில் இச்செய்தி காணப்படுகின்றது. குழந்தை பிழைக்கவில்லை. குழாயில் நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு ஒன்றும் இருக்கவில்லை. தலை மேலேயும் வயிறு கீழேயும் இருத்தலால் நீர் அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது. மதகுப் பலகை இல்லாத குளம் ஒரே இரவில் வற்றியது போலாயிற்று.

கௌஷின் எண்ணம் சரியானதே. அதனை நிறைவேற்றும் பொருள்தான் அக்காலத்தில் இருக்கவில்லை. றப்பரும் உலோகமும் உடலின் உள்ளே கிடக்கும்போது, உடல் அவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு நார்த்தசையாற் சூழ்ந்துவிடும். வயிற்றினுள்ளே கொழுப்புத்திரை ஒன்று தொங்குகின்றது. புண்பட்ட இடத்தையும் புகுந்த பொருளையும் போய் மூடுவது அதன் இயல்பு. அத்திரை குழாயின் வாயை மூடிவிடும். எனவே வயிற்றுவழியைச் சத்திரவைத்தியர் பெரும்பாலும் கைவிட்டு வேறு வழிகளை நாடினர். 1918 இல் டாண்டி, நீர் ஊறும் பின்னலையே மூளையறையிலிருந்து அகற்றும் சிகிச்சையை வெளியிட்டார். அதற்குட்பட்ட முதற் குழந்தைகளிற் பெரும்பாலோர் இறந்தனர். 1923 இல் பொஸ்ரன் நகரில் மிக்ஸ்ரர் என்பவர் அகநோக்குக் கருவியை மூளையறைக்குட் செலுத்தி, மூன்றாம் அறையின் அடித்தளத்தில் ஒரு துளையிட்டு நீருக்குப் புதுவழி திறந்தார். அக்காலத்துக் கருவிகளின் ஒளி மங்கல், பருமனோ மிகுதி. ஆகையால் அம்முறையும் நெடுநாள் உறங்கிக் கிடந்தது.

வேறு வழி காணாத நிலையில் சத்திரவைத்தியர் எத்துணைத் தூரம் சென்றனர் என்பதற்கு டொனால்ட் மற்சன் கையாண்ட முறை ஓர் எடுத்துக்காட்டாகும். பொஸ்ரனைச் சேர்ந்த அவர் 1949 இல், முதுகிலிருந்து ஒரு குழாயைச் சிறுநீர்க்குழாயோடு இணைத்து, நீரைச் சிறுநீர்ப்பைக்குச் செலுத்தும் சிகிச்சையை வெளியிட்டார். அதன்பொருட்டு நோயற்ற சிறுநீரகம் ஒன்றை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய நீரும் உப்பும் நாள்தோறும் வெளியே கழிந்தன. சிறிதளவு காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தாற்கூடக் குழந்தையின் உயிர் ஊசலாடும். இருந்தும் பெற்றோர் இதற்கு இசைந்தனர். வேறு வழியின்மையே அவர்களை இசைய வைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரண்டு புதுமைகள் தோன்றின. ஒன்று, ஒருவழியாக மட்டுமே நீரை விடும் வால்வு. மற்றையது, உடல் எளிதில் வெறுக்காத சிலிக்கோன் என்னும் பொருள். பிலடெல்பியாவில் பிராங்க் நல்சன், யூஜின் ஸ்பிற்ஸ் ஆகிய இருவரும் வில்லும் சிறு குண்டும் அமைந்த வால்வு ஒன்றைப் பொருத்தி, மூளை நீரைக் கழுத்து நாளத்தின் வழியாக இதயப் பக்கம் செலுத்தினர். 1949 இல் செய்த அச்சிகிச்சை பற்றிய செய்தி 1952 இல் வெளிவந்தது. அழுத்தம் கூடும்போது வால்வு திறக்கும், குறைந்தால் மூடும், குருதி மேலேறாது தடுக்கும். குளத்துக்கு மதகுப் பலகை கிடைத்துவிட்டது.

அப்பலகையைச் செம்மைப்படுத்தியவர் வைத்தியரல்லர். பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையிற் பணியாற்றிய ஜோன் ஹோல்ற்றர் என்னும் தொழில்நுட்பவினைஞருக்கு, 1955 நவம்பரில் முள்ளந்தண்டுப் பிளவோடு ஒரு மகன் பிறந்தான். பின்னர் அவனது தலையிலும் நீர் தேங்கிற்று. மருத்துவமனையில் மகனருகே இருந்த தந்தை, றப்பர்க் குழாயில் ஊசி குத்தி எடுத்தபின் அத்துளை தானாகவே மூடிக்கொள்வதைக் கவனித்தார். உள்ளிருக்கும் அழுத்தத்தாற் பிளவு திறக்கும், அழுத்தம் நீங்கியதும் தானே மூடும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. மீனின் வாயைப் போன்ற பிளவுடைய சிறு சிலிக்கோன் வால்வை அவர் தம் கையாற் செய்தார். 1956 இல் ஸ்பிற்ஸ் அதனை நோயாளரிற் பொருத்தத் தொடங்கினார். ஹோல்ற்றரின் மகன் ஐந்து வயது வரையே வாழ்ந்தான். தந்தை செய்த வால்வோ எண்ணற்ற பிள்ளைகளின் தலையில் அமர்ந்து அவர்களை வாழவைத்தது. அதே காலத்திற் கலிபோர்னியாவில் றொபேட் பியூடென்ஸ் என்னும் சத்திரவைத்தியரும் சிலிக்கோனால் வேறொரு வால்வை உருவாக்கினார்.

மற்றொரு தந்தையின் கதையும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றது. 1960 டிசம்பரில் நியூயோர்க் நகரத் தெருவில், ஆங்கில எழுத்தாளர் றோல்ட் டாலின் கைக்குழந்தை இருந்த தள்ளுவண்டியை வாடகைக் கார் ஒன்று மோதியது. தலையில் அடிபட்ட குழந்தைக்கு மூளைநீர் தேங்கிற்று. பொருத்திய வால்வு மீண்டும் மீண்டும் அடைபட்டது. பறக்கும் சிறு விமானப் பொம்மைகளுக்கு எரிபொருட் பம்பிகள் செய்துவந்த பொறியியலாளர் ஸ்ரான்லி வேட், இலண்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சத்திரவைத்தியர் கெனத் ரில் ஆகிய இருவரோடும் டால் சேர்ந்தார். எளிதில் அடைபடாத உலோக வால்வு ஒன்றை 1962 அளவில் அவர்கள் உருவாக்கினர். அது ஆயத்தமாவதற்குள் டாலின் மகன் நலமடைந்துவிட்டான். ஆயினும், மூவரும் இலாபம் கருதாது அளித்த அவ்வால்வு பிற நாட்டுப் பிள்ளைகள் பலருக்குப் பயன்பட்டது.

வால்வு நன்றாயினும், நீர் சென்று சேரும் இடம் நன்றாயிருக்கவில்லை. குழாயின் முனை கிடந்தது இதயத்தின் உள்ளே. அங்கே குருதி உறைந்து கட்டியாகி நுரையீரலுக்குச் சென்றது. குழாயிற் குடியேறிய கிருமிகள் நேரே குருதியிற் கலந்தன. நெடுநாள் நீடித்த அத்தொற்றினாற் சிறுநீரகம் பழுதுபடுவதை 1965 இல் இங்கிலாந்து வைத்தியர் எடுத்துக்காட்டினர். இவற்றோடு எளிய ஒரு தடையும் இருந்தது. குழந்தை வளரும், குழாய் வளராது. வளர்ச்சிக்கேற்ப முனை இதயத்தைவிட்டு மேலேறிப் பயனற்றுவிடும். அதனாற் பிள்ளையை அடிக்கடி கத்திக்கு உட்படுத்த வேண்டியிருந்தது.

ஆகவே, அரை நூற்றாண்டுக்கு முன் கைவிட்ட வயிற்றை நோக்கிச் சத்திரவைத்தியர் மீண்டும் திரும்பினர். இம்முறை அவர்களிடம் சிலிக்கோன் குழாயும் வால்வும் இருந்தன. 1967 இல் அமெரிக்காவில் ஏம்ஸ் என்பவர் இம்முறையிற் பெற்ற அனுபவத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் றைமொண்டியும் மற்சுமோட்டோவும் எளிய சிகிச்சை முறை ஒன்றை வகுத்தனர். காதின் பின்னே தொடங்கி, கழுத்து, மார்பு ஆகியவற்றின் தோலுக்கடியில் இறங்கி, வயிற்றறையிற் குழாய் முடிவடையும். வயிற்றறை அகலமானது. ஆதலால், வேண்டியதைவிட நீளமான குழாயை அங்கே சுருட்டி விடலாம். பிள்ளை வளருந்தோறும் அச்சுருள் தானே விரிந்து கொடுக்கும். இதயவழியிலிருந்த குருதியுறைவும் குருதித் தொற்றும் இங்கு இல்லை. இக்காரணங்களால் வயிற்றுவழியே முதன்மை பெற்றது. இன்றும் உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது அதுவே.

எனினும், வயிறு வெறும் பாத்திரமன்று. அங்கே குடல்கள் ஓயாது அசைகின்றன; கொழுப்புத்திரை உலாவுகின்றது; உறிஞ்சும் சவ்வு உயிரோடிருக்கின்றது. ஆண்டுக்கணக்காக அங்கே கிடக்கும் ஓர் அந்நியக் குழாயை வயிறு என்ன செய்யும்? இக்கேள்விக்கு விடை ஒரே நாளிற் கிடைக்கவில்லை. நோயாளர் ஒவ்வொருவராக வைத்தியசாலைக்கு வந்து கற்பித்த பாடம் அது.

முதற் பாடம் போலிப்பை. 1954 இல் ஹார்ஷ் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியர், கொழுப்புத்திரை குழாயை அடைக்காதிருத்தற் பொருட்டு, பெண்களின் கருக்குழாயின் வாய்வழியே நீரை வயிற்றறைக்குட் செலுத்தும் புதுமையான முறை ஒன்றை வெளியிட்டார். அவ்வறிக்கையிலேயே, வடிந்த நீர் வயிற்றினுள் ஒரு பைபோலக் கட்டிக்கொண்ட செய்தியும் இடம்பெற்றது. குழாயின் முனையைச் சுற்றி நார்த்தசை சுவர் எழுப்ப, உறிஞ்சப்படாத நீர் அதனுள்ளே தேங்குகின்றது. உண்மையான நீர்ப்பைகளுக்கு உள்ளே கலப்படலம் உண்டு. இதற்கு அது இல்லாமையாற் போலிப்பை என்பர். வயிறு வீங்கும், நோகும், சிலவேளை கையாற் தடவும்போது கட்டி போலத் தென்படும். போகுமிடம் நிறைந்துவிட்டதால் நீர் மேலே தேங்கத் தொடங்கும். தலைவலியும் வாந்தியும் தோன்றும். தலையில் நீர் தேங்கிய அதே நோய், இப்போது வயிற்றின் வாயிலாகத் திரும்பி வருகின்றது.

இவ்வாறு பை கட்டுவதற்குப் பெரும்பாலும் மெல்லிய தொற்று ஒன்று காரணமாயிருத்தல் பின்னர் தெரியவந்தது. மனிதத் தோலில் இயல்பாக வாழ்ந்து தீங்கு செய்யாத ஒருவகைப் பற்றீரியாவே சிகிச்சையின்போது குழாயில் ஒட்டிக்கொள்கின்றது. 1972 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பேய்ஸ்ற்றனும் அவருடன் ஆராய்ந்தவரும், இவ்வகைப் பற்றீரியா மிகுதியான கோழைப் பொருளைச் சுரந்து குழாயிலே குடியேறுவதை எடுத்துக் காட்டினர். அக்கோழைப் போர்வைக்குள் மறைந்த கிருமிகளை மருந்து எளிதில் அணுகுவதில்லை. கடுங்காய்ச்சல் இல்லாமல், வாரக்கணக்காகவோ மாதக்கணக்காகவோ அவை மெல்ல வேலை செய்யும். ஆகவே போலிப்பையைக் கண்டவிடத்து நீரை ஊசியால் இறைத்துவிட்டால் போதாது. குழாயின் கீழ்முனையை வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, தொற்றினை முற்றாக நீக்கியபின்பே மீண்டும் வயிற்றிலோ வேறிடத்திலோ குழாய் பொருத்த வேண்டும் என்ற விதி வழக்கில் வந்தது.

இரண்டாம் பாடம் இன்னும் அச்சந் தருவது. 1966 இல் வில்சன், பேற்றான் என்னும் இருவர், வடிகுழாய் குடலைத் துளைத்துச் சென்ற இரு நோயாளரைப் பற்றி அறிவித்தனர். கூர்மையற்ற மெல்லிய குழாய் குடலைத் துளைப்பது எங்ஙனம்? ஓரிடத்தில் அசையாது பொருந்திய முனை, குடற்சுவரை நாள்தோறும் சிறிது சிறிதாக அழுத்துகின்றது. அவ்விடம் நார்த்தசையால் குழாயோடு ஒட்டிக்கொள்கின்றது. சொட்டுச் சொட்டாய் விழும் நீர் கல்லைக் குழிப்பது போல, அழுத்தம் குடற்சுவரைக் கரைக்கின்றது. ஒட்டிய நார்த்தசை துளையைச் சுற்றி மூடியிருத்தலால், குடலின் உள்ளீடு வயிற்றறையிற் சிந்துவதில்லை. இதனாலேயே குடல் துளைபட்டவர் பலரிடம் வயிற்றுவலியோ வயிற்றின் விறைப்போ காணப்படுவதில்லை. சிலரில் குழாயின் முனை மலவாய் வழியாக வெளியே தோன்றிய பின்பே உண்மை தெரிந்தது. வேறு சிலரில் மூளையுறை அழற்சியே முதல் அறிகுறியாயிற்று. மூளைநீரைச் சோதித்தபோது அதிற் கண்டவை குடலில் வாழும் பற்றீரியாக்கள். குடற்கிருமி தலைக்கு ஏறியது எவ்வழி என்று கேட்ட வைத்தியர், குழாயின் வழியே கீழிறங்கிக் குடலைக் கண்டனர்.

இதிலிருந்து எழுந்த விதி ஒன்று உண்டு. குடலினுட் சென்று அழுக்கடைந்த முனையை மேல்நோக்கி இழுத்தல் ஆகாது. இழுத்தால் அழுக்கு வயிற்றறையிலும் தோலின் அடியிலும் பரவும். குழாயை வயிற்றுச் சுவரருகே வெட்டி, அழுக்கடைந்த பகுதியைக் கீழ்வழியாகவே எடுத்தல் வேண்டும். நார்த்தசை சூழ்ந்த சிறு துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். மூளைநீரின் தொற்று நீங்கும்வரை நீரைத் தற்காலிகமாக உடலுக்கு வெளியே வடிப்பர்.

குழாயின் தன்மையும் இதிற் பங்குகொண்டது. மெல்லிய சிலிக்கோன் குழாய் மடிந்து அடைபடாதிருத்தற் பொருட்டு, அதன் சுவரிற் கம்பிச்சுருள் பதித்த குழாய்கள் ஒரு காலத்தில் வழங்கின. அவை மடியவில்லை; ஆயினும் விறைப்பாயிருந்தமையாற் குடலைத் துளைப்பதற்கு ஏதுவாயின. ஒரு தீங்கைத் தடுக்கச் செய்த திருத்தம் மற்றொரு தீங்கை வருவித்தது. ஆகவே நெகிழ்வான குழாய்களே பின்னர் விரும்பப்பட்டன.

மூன்றாவது பாடம் சிறு குழந்தைகளைப் பற்றியது. ஆண்குழந்தை கருவில் வளருங்காலத்து, வயிற்றறையிலிருந்து விதைப்பைக்கு ஒரு சிறு வழி இருக்கும். பிறந்தபின் சில காலத்தில் அது மூடிக்கொள்வது இயல்பு. முற்றாக மூடுமுன் வயிற்றிலே நீரும் அழுத்தமும் கூடினால் அவ்வழி திறந்தே நிற்கும். அதன் வழியாகக் குடலிறக்கமும் விதைப்பையில் நீர்வீக்கமும் உண்டாகும். வடிகுழாய் பொருத்திய குழந்தைகளில் இவை மிகுதியாய் வருதலை 1974 இல் குழந்தைச் சத்திரவைத்தியர் குறோஸ்வெல்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்டனர். அக்காலத்திலேயே வயிற்றினுள் தோன்றும் பிற சிக்கல்களையும் அவர்கள் தொகுத்துரைத்தனர். சிலரில் குழாயின் முனை அவ்வழியே விதைப்பைக்குள் இறங்குதலும் உண்டு. வேறு சிலரில் நீர் உறிஞ்சப்படாது வயிறு முழுவதும் தேங்கும். அரிதாக, குழாயைச் சுற்றிக் குடல் முறுக்கிக்கொள்ளுதலும், மூளையிலுள்ள புற்றுக்கட்டியின் கலங்கள் நீரோடு இறங்கி வயிற்றில் முளைத்தலும் அறியப்பட்டுள்ளன.

இத்துணைத் தீங்குகளைக் கேட்டவர், வயிற்றுவழியை விட்டுவிட்டால் என்ன என்று வினவலாம். சிகிச்சை இன்றேல் இந்நோய் வாய்ந்த குழந்தைகளிற் பலர் இறப்பர்; பிழைத்தவரிற் பலர் அறிவும் பார்வையும் குன்றி வாழ்வர். வடிகுழாயினால் உயிர்பிழைத்துக் கல்வி கற்று, தொழில் புரிந்து, இல்லறம் நடத்துவோர் இன்று உலகெங்கும் உளர். எனவே வழியைக் கைவிடாது, வழியிலுள்ள முட்களை ஒவ்வொன்றாய் அகற்றுவதே அறிவுடைமையாயிற்று. மீயொலிக் கருவி பரவிய பின் போலிப்பையை வலியின்றி, சில நிமிடங்களிற் காண முடிந்தது. தொற்றைத் தடுக்கும் மருந்தூட்டிய குழாய்களும் வந்தன. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் ஏறக்குறைய 1,600 நோயாளரிற் செய்த ஒப்பாய்வு 2019 இல் வெளிவந்தது. சாதாரணக் குழாய் பொருத்தியோரில் ஏறக்குறைய 100 க்கு 6 பேருக்குத் தொற்று வந்தது. நுண்ணுயிர்கொல்லி மருந்தூட்டிய குழாய் பொருத்தியோரில் 100 க்கு 2 பேருக்கே வந்தது. வெள்ளி கலந்த குழாய் சாதாரணக் குழாயைவிட மேலாக அமையவில்லை.

வறிய நாடுகளில் இவ்வரலாறு வேறொரு திருப்பம் கொண்டது. மேனாட்டு வால்வுகளின் விலை ஏழைப் பெற்றோரின் கைக்கு எட்டாதது. வட இந்தியாவில் ஷாஜஹான்பூர் நகரிற் செய்யப்பட்ட சப்ரா வடிகுழாய், விலையில் மிகக் குறைந்தது. ஆபிரிக்காவின் உகண்டாவில் பணியாற்றிய அமெரிக்கச் சத்திரவைத்தியர் பெஞ்சமின் வோர்வ், 195 குழந்தைகளில் இதனையும் விலையுயர்ந்த மேனாட்டு வடிகுழாயையும் ஒப்பிட்டார். ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை என 2005 இல் அவர் அறிவித்தார்.

விலை குறைந்தாலும் தொலைவு குறைவதில்லை. வடிகுழாய் அடைபட்டாலோ குடலைத் துளைத்தாலோ, பிள்ளையை விரைந்து கொண்டுவர ஒரு வைத்தியசாலை அருகில் இருத்தல் வேண்டும். உகண்டாவின் சிற்றூர்களில் அது அரிது. ஆதலால் வோர்வ், மிக்ஸ்ரரின் துளையிடும் முறையையும், நீர் ஊறும் பின்னலைச் சுட்டுக் கருக்கும் பழைய முறையையும் புதிய அகநோக்குக் கருவியால் ஒன்று சேர்த்து, குழாய் வேண்டாத சிகிச்சை ஒன்றை ம்பாலே நகர மருத்துவமனையில் வளர்த்தார். தொற்றுக்குப்பின் நோய் கண்ட 100 கைக்குழந்தைகளில் அதனையும் வடிகுழாயையும் ஒப்பிட்ட ஆய்வு 2017 இல் வெளிவந்தது. ஓராண்டில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் இரு முறைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. தலையிலேயே புதுவழி திறக்கத்தக்க பிள்ளைகளுக்கு, வயிற்றை நாடாமலே வாழ வாய்ப்புண்டு என்பது இதனாற் புலனாயிற்று. எனினும் எல்லா வகை நோய்க்கும் அது பொருந்தாது. பலருக்கு வடிகுழாயே இன்னும் துணை.

இவ்வரலாறு வைத்தியருக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் ஒரு செய்தியை விட்டுச் செல்கின்றது. வடிகுழாய் தாங்கிய பிள்ளை ஒன்று வயிறு நோகின்றது என்று அழும்போது, உணவு செரிக்கவில்லை என்றோ பூச்சித் தொல்லை என்றோ கருதிக் கைமருந்து கொடுத்து இருந்துவிடுதல் எளிது. வாந்தி வந்தால் வயிற்றிலே காரணம் தேடுதலும் இயல்பே. ஆனால் இப்பிள்ளையின் தலையையும் வயிற்றையும் ஒரு குழாய் இணைத்திருக்கின்றது. வயிறு வீங்கினாலும், காரணமின்றிக் காய்ச்சல் நீடித்தாலும், குழாய் செல்லும் வழியிற் சிவப்போ வீக்கமோ கண்டாலும், வாந்தியோடு தூக்கமயக்கம் சேர்ந்தாலும், மூளைச் சத்திரவைத்தியர் அதனை அறிதல் வேண்டும். பிற்காலத்தில் குடல்வாற் சிகிச்சை போன்ற வேறு வயிற்றுச் சிகிச்சை வேண்டியிருப்பின், குழாய் உண்டு என்பதை முதலிலேயே சொல்லுதல் வேண்டும்.

கௌஷின் கையிற் பிழைக்காத குழந்தை முதல், சிறுநீரகம் ஒன்றை இழந்து வாழ்ந்த பிள்ளைகளும், ஹோல்ற்றரின் மகனும் உட்பட, இத்துறையின் அறிவு முழுவதும் குழந்தைகளின் துன்பத்தாற் சேர்ந்தது. அவர்களுள் பலரின் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. பிள்ளையின் வயிற்றுவலியை அற்பமென ஒதுக்காது, உரிய வேளையில் அதனை வைத்தியரிடம் கொண்டு செல்லும் தாயின் விழிப்பிலே அவர்கள் தந்த பாடம் பயன்பட்டு நிற்கின்றது. கலிங்கு வெட்டுவோன் கடமை, நீர் போய்ச் சேரும் வயலையும் காப்பதோடுதான் நிறைவுறும்.